இன்னைக்கு அளக்க முடியாது

ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்கு ‘என் பணிக்கால இனிய நினைவுகள்’ என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கவிதா கேட்டிருக்கிறாள். செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரியின் உணவியல் பிரிவில் என்னிடம் வேலை கற்றவள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவள். நல்ல பெண். ஆனால் இனிய நினைவு எதுவும் இப்போது என் கைக்கு அகப்படவில்லை. கோபம்தான் வருகிறது. அதையே எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

கோபம் வரவேற்பறையில் புதிதாக வந்து நிற்கும் இயந்திரத்தின் மேல். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றால் உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும். டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதில் ஏற வேண்டும் என்பது புது விதியாம். வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதே கண்ணாடித் தராசு, அதற்கு இது அண்ணன். போன வாரம் அதன் மேல் ஷிரின் என்ற பெண்ணை ஏற்றிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு வீட்டுத் தராசை நம்பிச் சாகக் கிடந்த பெண் அவள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் நாங்கள் எப்படி அளந்தோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த அம்மா எதற்கு இப்படிக் குதிக்கிறாள் என்று தோன்றும்.

படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மனையியல் படித்தேன். கல்யாணம் ஆனது. கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை; குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கு நான் வேலைக்குப் போனேன். கல்லூரியில் கற்றது ஒரு பிடி. மிச்சத்தையெல்லாம் ராஜேஸ்வரி மேடம் திட்டித் திட்டிப் புகட்டினார்.

ராஜேஸ்வரி மேடம்தான் அப்போது எங்கள் பிரிவின் தலைவி. குள்ளமாக இருப்பார். குரல் மட்டும் மாடி வரை கேட்கும். யாரையும் பாராட்ட மாட்டார். வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அதைப் பாராட்டு என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். தப்பாகச் செய்தால் நோயாளிக்கு எதிரிலேயே, “இந்தக் கையால வீட்ல உப்பாவது ஒழுங்கா போடுவியா?” என்று கேட்பார்.

கொழுப்பை அளக்க அவரிடம் ஒரு காலிப்பர் இருந்தது. இரண்டு தாடை, நடுவில் ஸ்பிரிங், கடிகாரம் மாதிரி ஒரு முள். அதை மஞ்சள் துணியில் சுற்றி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவார். அளப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஜில்லென்ற கை பட்டால் ஆள் உடம்பை முறுக்கிக்கொள்வார் என்பது ஒன்று; தொடுகிற உடம்புக்கு மரியாதை என்பது இன்னொன்று. தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்து, சரிபாதியில், மேல்கையின் பின்புறம் பேனாவால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குச் சற்று மேலே தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளித் தூக்க வேண்டும். தசை கூட வந்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் கையை மடக்கி நீட்டச் சொல்லுவோம். தசையாக இருந்தால் விரலிலிருந்து நழுவிக்கொண்டு போகும். பிறகு காலிப்பரைப் பொருத்தி, ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி முள்ளைப் படிக்க வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் கொழுப்பு நசுங்கி முள் இறங்கிக்கொண்டே வரும். உடனே அதே இடத்தைத் திரும்பக் கிள்ளக் கூடாது. தோள்பட்டைக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என்று மற்ற இடங்களைச் சுற்றிவிட்டு வந்து மறுபடி. எப்போதும் வலது பக்கம். முதல் தடவை அளந்தவர்தான் கடைசி வரை அளக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் கிள்ளுகிற மாதிரி இன்னொருவர் கிள்ள மாட்டார்.

இவ்வளவும் செய்துவிட்டு அவர் சதவீதம் சொல்ல மாட்டார். மில்லிமீட்டரில் மடிப்பு எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, போன தடவைக்கு இது கூடவா குறைவா, அவ்வளவுதான். மடிப்பை வைத்துச் சதவீதம் போடப் புத்தகத்தில் சூத்திரம் இருக்கிறதே என்று நான் கேட்டேன்.

“அந்தச் சூத்திரத்தை எந்த ஊர்க்காரங்களை அளந்து போட்டாங்க? நம்ம திருக்கழுக்குன்றத்துப் பொம்பளை யாரையாவது கூப்ட்டாங்களா? அளந்ததைச் சொல்லு. யூகத்தைச் சொல்லாதே” என்றார்.

அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம் இன்னொன்று: “இன்னைக்கு அளக்க முடியாது.” காய்ச்சலா, வாந்தியா, மாதவிலக்கா, கால் வீங்கியிருக்கிறதா, மாடிப்படி ஏறி ஓடி வந்தீர்களா என்று கேள்வி கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் காலிப்பர் டிராயரை விட்டு வெளியே வராது.

மாமல்லபுரத்தில் விடுதி நடத்தும் ஒரு பெரிய மனிதர் வந்தார். ஆறு மாதத்தில் கொழுப்பைக் குறைப்பதாகக் கூட்டாளியோடு பந்தயம் கட்டியிருந்தார். அன்று காலைதான் தன் விடுதியிலேயே நீராவிக் குளியல் போட்டு, வியர்வையைப் பிழிந்துவிட்டு வந்திருந்தார். மேடம் அவர் முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், முடியாது என்றார்.

“இன்னாம்மா, அம்மாந்தூரத்துலேர்ந்து கார் போட்டுகினு வந்துகீறேன். அளக்க முடியாதுன்னு சொல்றே?”

“தண்ணியெல்லாம் வெளியே விட்டுட்டு வந்திருக்கீங்க. இன்னைக்கு அளந்தா அது உங்க உடம்போட அளவு இல்ல. வியாழக்கிழமை வாங்க.”

“நா யார் தெரியுமா?”

“வியாழக்கிழமை தெரிஞ்சுக்கிறேன், சார்.”

கத்தினார், நிர்வாகத்திடம் போனார், திரும்ப வந்து கத்தினார். மேடம் அதற்குள் அடுத்த நோயாளிக்கு இட்லிக்குப் பதில் என்ன சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவர் வந்தார். அன்றைக்கு மேடமே உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவரை அளந்தார்.

பிறகு காலம் மாறியது. ஓ.எம்.ஆர். சாலை முழுக்க அடுக்ககங்கள் முளைத்தன, அடுக்ககத்துக்கு ஒரு ஜிம், ஜிம்முக்கு ஒரு தராசு. கொஞ்ச நாளில் தராசு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அது என்ன செய்கிறது என்று வாங்குகிறவர்கள் யாராவது கேட்டார்களா? ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்புகிறது. தண்ணீர் வழி விடும், கொழுப்பு தடுக்கும். எவ்வளவு தடை என்று பார்த்து, தண்ணீர் இவ்வளவு இருக்கும் என்று யூகிக்கிறது. தண்ணீரை வைத்துச் சதையை யூகிக்கிறது. சதை போக மிச்சமெல்லாம் கொழுப்பு என்று உங்கள் தலையில் கட்டுகிறது. கால் வழியாக ஏறிக் கால் வழியாக இறங்கும் மின்சாரம் தொப்பைப் பக்கம் சரியாக எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. யூகத்தின் மேல் யூகம். ஆனால் காட்டுவது தசமப் புள்ளியோடு. இருபத்தைந்து புள்ளி மூன்று! அந்தப் புள்ளியைப் பார்த்ததும் படித்தவனும் பல்லிளித்துக்கொண்டு நம்பிவிடுகிறான்.

இப்போது நான் இருக்கும் படூர் அடுக்ககத்தில் எதிர்வீட்டு மென்பொருள்காரர் தினமும் குளித்த ஈரக் காலோடு ஏறுகிறார். காய்ந்த காலில் ஏறினால் கொழுப்பை அதிகமாகக் காட்டுகிறதாம். விளையாட்டு வீரர் என்று அதில் ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தட்டினால் இன்னும் குறைகிறதாம். லிஃப்ட் வராவிட்டால் ஒரு மாடி ஏற மூச்சு வாங்கும் மனிதர் அதைத் தட்டி வைத்திருக்கிறார். சிரித்துவிட்டுப் போகலாம். வீட்டில் அளந்தே தீர வேண்டும் என்றால் தையற்காரர் டேப் போதும், தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின் ஒரு சுற்று. தராசிலேயேதான் ஏறுவேன் என்றால் தினமும் ஒரே வேளையில், ஒரே நிலையில் ஏறி, மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஷிரினைப் பார்த்தபின் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கேளம்பாக்கம் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஜபருல்லாவின் ஒரே மகள். பொத்தேரியில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். விடுதித் தோழிகள் ஒரு குழு வைத்திருந்தார்கள். தினமும் எல்லாரும் தங்கள் கொழுப்புச் சதவீதத்தைப் போனில் போட வேண்டும், யார் முதலில் இருபத்திரண்டுக்கு வருவது என்று போட்டி. இவள் குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ரமலானுக்கு வீட்டுக்கு வந்தவள் அத்தாவிடம் தராசு கேட்டாள். மகள் கேட்டது செருப்பா, தராசா என்றெல்லாம் பார்க்கிற மனிதர் இல்லை அவர். மறுநாளே வாங்கித் தந்தார்.

அவள் அளந்த நேரம் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு. மறக்காமல் இருக்க அதுதான் வசதியாம். அம்மா மும்தாஜ் கஞ்சியும் வடையும் எடுத்து வைக்கும்போது இவள் உள்ளறையில் தராசில் நிற்பாள். விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத உடம்பு. தண்ணீர் குறைந்த உடம்பைக் கொழுப்புக் கூடிய உடம்பு என்று அந்தத் தராசு படித்தது. நாள் முழுக்கப் பட்டினி இருந்தும் எண் ஏறியிருந்தால் பத்தொன்பது வயதுப் பெண் என்ன நினைப்பாள்? கஞ்சியைக் குறைத்தாள். எண் ஏறியது. விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் சோற்றைக் குறைத்தாள். இன்னும் ஏறியது. தண்ணீர் குடித்தால் எடை கூடுகிறது என்று கண்டுபிடித்து அதையும் நிறுத்தினாள். அவள் காய்ந்துகொண்டே போக, எண் ஏறிக்கொண்டே போனது. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நோன்பு மாதத்தில் ஒரு பெண் சாப்பிடாமல் இருந்தால் யார் கேட்பார்கள்?

ஒரு சாயங்காலம் பாங்கு சொல்லும்போது பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தபடியே விழுந்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது ரத்தத்தில் பொட்டாசியம் தரையைத் தொட்டிருந்தது, இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. அன்று இருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், “நோன்புதான் காரணம். நிறுத்தச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மேல்கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மும்தாஜ் என்னைப் பிடித்துக்கொண்டாள். “நாங்க எல்லாருந்தான் நோம்பு வெச்சிகினு கீறோம், மேடம். எங்க மாமியாருக்கு எழுவது வயசு, அவங்களே நல்லா கீறாங்க. இவளுக்கு மட்டும் இன்னா ஆச்சு?”

அந்தக் கேள்வியை டாக்டர் கேட்டிருக்க வேண்டும். நான் ஷிரினின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே போனைத் திறந்து வரைபடத்தைக் காட்டினாள். கோடு மேலே மேலே போயிருந்தது. நடுவில் சில நாள் மட்டும் இறங்கியிருந்தது.

“இது ஏன் எறங்கிருக்கு?”

“அன்னிக்கெல்லாம் ஒளு செஞ்சிட்டு ஏறினேன், மேடம். தொழுகைக்குச் சுத்தம் பண்ணிக்கிட்டு ஏறுனா கொறையுது. அல்லா நம்ம பக்கம் கீறான்னு நெனச்சேன்.”

ஈரக் கால். எதிர்வீட்டு மென்பொருள்காரர் தெரிந்தே செய்யும் அதே ஈரக் கால் தந்திரம். இந்தக் குழந்தை அதை இறைவனின் கருணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தராசைச் செய்தவன் எதிரில் இருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவள் மேல்கையைத் தொட்டுப் பார்த்தேன். கிள்ளித் தூக்க அங்கே ஒன்றும் இல்லை. காலிப்பர் தேவையே படவில்லை.

உடம்பில் மருந்துத் தண்ணீர் ஏறி அவள் எழுந்து நிற்கத் தொடங்கியதும் ஜபருல்லாவிடம் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். டாக்டருக்கு எதிரில் அவளை ஏற்றினேன். எடை கூடியிருந்தது, கொழுப்பு மட்டும் மூன்று புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது. “பாருங்க டாக்டர், உங்க சலைன்ல கொழுப்பு கரையுது” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜபருல்லாதான் பேசினார்.

“மேடம், நா செருப்பு விக்கிறவன். ஏழாம் நம்பரு காலுக்கு ஆறாம் நம்பரு குடுத்தா, கஸ்டமரு கடை வாசல்லயே காலக் கடிக்குதுன்னு தூக்கிப் போட்டுருவான். இவன் எம்பொண்ணோட ஒடம்பையே தப்பா சொல்லிகீறான். இவன எவன் கேக்குறது?”

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். தராசில் கோளாறு எதுவும் இல்லை, சார், வெறும் வயிற்றிலோ தண்ணீர் குடிக்காமலோ ஏறக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறோம் என்றார்களாம். ஆங்கிலத்தில், கடுகு அளவு எழுத்தில். பெட்டியின் மேல் மட்டும் ‘துல்லியம்’ என்று உள்ளங்கை அகல எழுத்து.

உடம்பு தேறியது. மனம் தேற வெகு காலம் ஆனது. மனநல மருத்துவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்னிடம் வரும்போதெல்லாம், “ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க மேடம், நா நிம்மதியா தூங்கணும்” என்று அழுவாள். நான் சொல்ல மாட்டேன். கஞ்சி எவ்வளவு குடித்தாய், மாதவிலக்கு வந்ததா, படி ஏறினால் தலை சுற்றுகிறதா என்று மட்டும் கேட்பேன். இரண்டு வருஷம் நோன்பு வைக்கவில்லை. நோயாளிக்குக் கடமை இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து சொன்னார். ஆனாலும் வீடே நோன்பிருக்க, தான் மட்டும் சமையலறையில் ஒளிந்து சாப்பிடுவது அவளுக்கு வலித்தது. இந்த வருஷம் மருத்துவர்கள் அனுமதித்தார்கள். வாரம் ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை. அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ரத்தம் பார்க்கத்தான் போன வாரம் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சாயங்கால நேரம். வரவேற்பறையில் இருந்த பெண் இயந்திரத்தைக் காட்டி ஏறச் சொன்னாள்.

“வேணாம்மா. எம்பொண்ண அதுல ஏத்தக் கூடாதுன்னு மேடம் சொல்லிகீறாங்க” என்றாள் மும்தாஜ்.

“எந்த மேடம்?”

மும்தாஜ் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

“அவங்க ரிடையர்டும்மா. ஏறுனாத்தான் கம்ப்யூட்டர் டோக்கன் குடுக்கும்.”

ஷிரின் ஏறினாள். தாள் வந்தது. கொழுப்பு இருபத்தாறு புள்ளி இரண்டு. அதற்குக் கீழே, ‘குறைக்க வேண்டிய கொழுப்பு: இரண்டரைக் கிலோ’ என்று அச்சடித்திருந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு கிலோவாக நாங்கள் கெஞ்சிக் கெஞ்சிச் சேர்த்த உடம்பிலிருந்து இரண்டரைக் கிலோ!

மறுநாள் ஜபருல்லா போன் செய்தார். “மேடம், வெளியில வாங்குன தராச நாந்தான் அன்னிக்கே ஒடச்சுப் போட்டேன். உங்க ஆஸ்பத்திரிலயே ஏத்திட்டாங்களே. நேத்து கஞ்சியத் தொடல அவ.”

படூரிலிருந்து கேளம்பாக்கம் எவ்வளவு தூரம்? ஆட்டோ பிடித்துப் போனேன். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஷிரின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாள் நாலாக மடித்து அவள் கையில் இருந்தது.

“நீங்க அளந்து சொல்லுங்க மேடம். இது பொய்யுன்னு உங்க நம்பர்ல சொல்லுங்க. அப்ப நா சாப்புடறேன்.”

பையில் என் சொந்தக் காலிப்பர் இருந்தது. எடுத்து அளந்து ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் அந்த வேளைக்குக் குடித்திருப்பாள். நாளைக்கு அடுத்த எண்ணைக் கேட்டிருப்பாள்.

“இன்னைக்கு அளக்க முடியாது” என்றேன்.

“ஏன்?”

“நோன்பு உடம்பு. தண்ணி இல்லாத உடம்பை நான் அளக்க மாட்டேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் நோன்புதானே. பெருநாள் போகட்டும்.”

“அவங்க மட்டும் அளந்தாங்களே!” என்று கத்தினாள். என் மேல்தான் கோபம்.

“அவங்க அளக்கல கண்ணு. அச்சடிச்சாங்க.”

பாங்கு சொன்னார்கள். ஜபருல்லா பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டாள். மும்தாஜ் கஞ்சி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். ஷிரின் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாதி குடித்தாள். மீதியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தொழப் போனாள். அந்தப் பாதி டம்ளர் ஆடை கட்டும் வரை அங்கேயே இருந்தது. யாருக்கும் எடுத்துக் கொட்ட மனம் வரவில்லை.

கவிதா, இதை அப்படியே நிர்வாக இயக்குநரிடம் கொடு. இயந்திரத்துக்குப் பூமாலை போட்டுத் திறந்து வைத்தவர் அவர்தான். காய்ச்சல்காரரை, நோன்பிருப்பவரை, கால் வீங்கியவரைக் கண்டால் இன்னைக்கு அளக்க முடியாது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இருக்கிறது. இந்த வாரம் ஷிரின் மறுபடி ரத்தம் பார்க்க வருகிறாள். கூட நானும் வருகிறேன். அவளை ஏறச் சொல்லுகிறவர், மிச்சம் வைத்த அந்தப் பாதி டம்ளர் கஞ்சிக்கு முதலில் எனக்குப் பதில் சொல்லிவிட்டு ஏறச் சொல்லட்டும்.